பிள்ளைக்குப் பேச்சு தள்ளிப்போனால் எங்கிருந்து தொடங்குவது?

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். தாகம் எடுத்தால் அடுப்படிக்கு வந்து என் சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பான். குடத்தருகே போனதும் என் கையைத் தூக்கி டம்ளர் மேல் வைப்பான். ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஓடிவிடுவான். எவ்வளவு கெட்டிக்காரன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். 'தண்ணி' என்ற சொல் இல்லாமலே அவன் காரியம் நடந்துவிடுகிறது என்பது எனக்கு உறைக்க இன்னும் ஆறு மாதம் ஆனது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்." "அவங்க அப்பாவே மூணரை வயசுலதான் பேசினான்" என்றார் அத்தை. தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரும் அதையே சொல்லி அனுப்பினார். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். காது கேளாத பிள்ளைகளுக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பள்ளி நடக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில்கூட, பேசாத பிள்ளையைப் பார்த்தால் "பொறுத்திரு" என்பதுதான் முதல் பேச்சு. அந்த ஆறு மாதத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

நான் மருத்துவர் இல்லை. ஐந்து வருடமாகப் பேச்சுப் பயிற்சி அறைகளுக்கு வெளியே உட்கார்ந்து, கேட்டு, படித்து, வீட்டில் செய்து பார்த்துக் கற்றதை எழுதுகிறேன். இதே பாதையில் இப்போதுதான் கால் வைக்கிற அம்மா அப்பாக்களுக்காக.

பேச்சு வேறு, மொழி வேறு

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பேச்சு என்பது வாயிலிருந்து வரும் ஒலி. நாக்கு, உதடு, அண்ணம், மூச்சு, குரல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி மூன்று வயதில் மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டி "தாத்தா பறந்து போத்து" என்பாள். அவளுக்கு 'க' வரவில்லை, 'ச'வும் வரவில்லை. இரண்டுக்கும் 'த'தான். ஆனால் எது பறந்தது, எப்போது பறந்தது எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாள். மொழி அவளிடம் முழுசாக இருக்கிறது, ஒலிதான் இன்னும் படியவில்லை.

மொழி என்பது சொற்களைப் புரிந்துகொள்வதும், கோத்துச் சொல்வதும். பயிற்சிக்கு வந்த இடத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வரும். ஆனால் "நேத்து பாட்டி வீட்டுக்குப் போவேன்" என்பான். "பையை மூடி வச்சிட்டு நோட்டை எடு" என்றால் நோட்டை மட்டும் எடுப்பான். வகுப்பில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். காது நன்றாகக் கேட்கிறது, அறிவிலும் குறையில்லை, ஆனாலும் மொழி மட்டும் பிடிபடாமல் போகிற நிலை ஒன்று உண்டு. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறார்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்கு அது இருக்கக்கூடும். ஆட்டிசம் அளவுக்கு இதன் பெயர் வெளியே தெரியாததால் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் திட்டு வாங்கிக்கொண்டே வளர்கிறார்கள்.

மொழிக்குள்ளும் இரண்டு உண்டு. நாம் சொல்வது பிள்ளைக்குப் புரிகிறதா என்பது ஒன்று, அது சொல்ல நினைப்பதைச் சொல்ல முடிகிறதா என்பது மற்றொன்று. ஐந்து வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: எத்தனை வார்த்தை பேசுகிறது என்று எண்ணுவதற்கு முன்னால், எவ்வளவு புரிந்துகொள்கிறது என்று பாருங்கள். புரிதல் நன்றாக இருக்கிற பிள்ளை தாமதமாகப் பேசினாலும் எட்டிப் பிடிக்க வாய்ப்பு அதிகம். புரிதலே பின்தங்கியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இவை தவிர திக்குதல், கத்திக் கத்திக் குரல் கட்டிப்போவது, அண்ணப் பிளவால் மூக்கு வழியாகப் பேச்சு வருவது, என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் வாய் அதற்கு ஒத்துழைக்காத நிலை என்று வேறு வகைகளும் இருக்கின்றன. எது எது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எதைக் கவனித்தீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

எந்த வயதில் எது வர வேண்டும்

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் பேசுவதில்லை, உண்மைதான். அதற்காக அளவே இல்லை என்று ஆகிவிடாது. ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் "ப ப ப", "ம ம ம" என்று அடுக்கும். ஒன்பது மாத வாக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி டாட்டா காட்டும், வேண்டியதைக் கை நீட்டிக் கேட்கும், முதல் வார்த்தை எட்டிப் பார்க்கும். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை அளவுக்குச் சேர்ந்து, "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம். அந்த வயதில் வெளியாட்களுக்கு அது பேசுவதில் முக்கால்வாசி புரிய வேண்டும். நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும்.

வார்த்தை என்றால் சுத்தமான உச்சரிப்பு இருக்க வேண்டும் என்றில்லை. பிஸ்கட்டுக்கு எப்போதும் "பிக்கு" என்றால் அதுவும் ஒரு வார்த்தைதான். அப்படியே எண்ணுங்கள்.

கீழே சொல்கிறவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம், அடுத்த பிறந்தநாள் என்று தள்ளாதீர்கள். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ சைகையோ இல்லை. பதினாறு மாதமாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதாகியும், நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது தவிர, தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. எந்த வயதாக இருந்தாலும் சரி, வந்த பேச்சு நின்றுபோனது. இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

முதல் வேலை: ஒரு வாரம் வீட்டில் கவனிப்பது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை தானாகச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் அது சொல்கிற மாதிரியே எழுதி, பக்கத்தில் அர்த்தத்தை எழுதுங்கள். வேண்டியதை எப்படிக் கேட்கிறது, அழுதா, விரல் நீட்டியா, கையைப் பிடித்து இழுத்தா என்று குறியுங்கள். போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது ஒன்று, விளையாடும்போது ஒன்று. டாக்டர் அறையில் பிள்ளை வாயே திறக்காது. அப்போது அந்த வீடியோதான் பேசும்.

அப்புறம் ஒரு சோதனை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் முதல் பேச்சுப் பயிற்சியாளர். "உங்க பையனுக்கு நாம சொல்றது புரியுதா?" என்று கேட்டார். "எல்லாமே புரியும் மேடம், செருப்பை எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவான்" என்றேன். "சரி, இப்ப கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, செருப்புப் பக்கம் பார்க்காம சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். மறுபடி சொன்னேன். என் தோளைப் பார்த்தான், கையைத் தேடினான். அங்கேயே நின்றான். வாசலில் அவனுடைய சிவப்புச் செருப்பு கிடந்தது, ஆறடி தூரம் இருக்காது.

இத்தனை நாளும் அவன் என் சொல்லைக் கேட்டு நடக்கவில்லை. என் விரலையும் கண்ணையும் பார்த்து நடந்திருக்கிறான். நாம் பிள்ளைகளிடம் பேசும்போது நம்மை அறியாமலே கையை நீட்டுகிறோம், தலையை ஆட்டுகிறோம், பொருளைப் பார்க்கிறோம். சைகை நல்லதுதான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கிற ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பொருளாக "பந்தை எடு", "அப்பாட்ட குடு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டரை, மூன்று வயதென்றால் "டம்ளரை எடுத்து மேசை மேல வை" என்று இரண்டு வேலையாகச் சொல்லுங்கள். நடந்ததை நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது: காது

பேச்சு தாமதம் என்றால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் காதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். "கை தட்டினா திரும்புறான், பட்டாசு வெடிச்சா அழுவுறான்" என்று நானும் சொன்னேன். கைதட்டல் உரத்த சத்தம். பேச்சில் 'ச', 'ஸ்', 'ட்' போன்ற ஒலிகள் எவ்வளவு மெல்லியவை என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் கேட்கும், சொல் தெளியாது என்கிற நிலை நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு கேட்பியல் பிரிவும் இருக்கும். மூன்று பரிசோதனைகளின் பெயர் காதில் விழும். ஓஏஇ என்பது காதில் சின்ன முனையை வைத்து உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது, சில நிமிடம்தான். டிம்பனோமெட்ரி என்பது செவிப்பறை சரியாக அசைகிறதா, அதற்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று காட்டும். பெரா என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகளை ஒட்டி, சத்தம் கேட்கும்போது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று அளப்பது. வலிக்காது. ஆனால் பிள்ளை தூங்க வேண்டும், அதுதான் பெரிய பாடு.

பெராவுக்கு நாள் குறித்தால் அன்று வழக்கத்துக்கு முன்னாலேயே எழுப்பிவிடுங்கள். போகிற வழியில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தூங்கவிடாதீர்கள், நாங்கள் முதல் தடவை கோட்டைவிட்டது அங்கேதான். தலையில் எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள், ஒட்டு பிடிக்கும். பால், பழக்கமான போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க மருந்து தேவைப்பட்டால் அங்கேயே அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள், வீட்டிலிருந்து எதையும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

என் மகனுக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு வருவது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு வெளியே பேசுகிறவர்களைக் கேட்பது போல இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும், வடியாவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை. அவனுக்கு வடிந்தது. காதில் நீர் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பேச்சு அதோடு வந்திருக்கும். வரவில்லை, அதனால் அடுத்த படிக்குப் போனோம்.

காது கேட்பதே குறைவு என்று தெரிந்தால் மனம் உடைந்து உட்கார்ந்துவிடாதீர்கள். காது கேட்கும் கருவி கைக்குழந்தைக்கே பொருத்தலாம். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் உலகெங்கும் பின்பற்றுகிற கணக்கு. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்துகிற கேட்கும் கருவி, தேவைப்படுகிற குழந்தைக்கு ஆறு வயதுக்குள் என்றால் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். ஆறு வயது என்பது கடைசி எல்லை, அதுவரை இருக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது: யாரிடம் போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ 'மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்' எங்கே என்று கேளுங்கள். 'டிஇஐசி' என்றால் உடனே கை காட்டுவார்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது, பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கன்வாடிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்பி வைப்பார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. உள்ளூரில் தெளிவு கிடைக்காதவர்கள் அங்கே போய் முழு மதிப்பீடு செய்து வரலாம்.

தனியார் மையத்துக்குப் போனால் ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "உங்களுக்கு ஆர்சிஐ பதிவு இருக்கா?" இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு எண்ணைக் குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். 'மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம், கேரண்டி' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களும் உண்டு. அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது.

முதல் நாள் நிறையக் கேள்வி கேட்பார்கள். பிரசவம் எப்படி, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை இருந்ததா, எப்போது தலை நின்றது, எப்போது நடந்தது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, வீட்டில் என்ன மொழி. பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, காது பரிசோதனை முடிவு, நோட்டு, வீடியோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களா என்றும் கேட்பார்கள். குற்றம் சொல்வதற்காக இல்லை, சில வகைச் செவிக்குறைபாடு அப்படி வருவதுண்டு. மறைக்க வேண்டாம்.

ஆட்டிசம் இருக்குமோ என்றும் பார்ப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது யோசித்தால், கேட்டதுதான் சரி. நம் கையை ஒரு கருவி மாதிரி எடுத்துப் பயன்படுத்துவது ஆட்டிசத்தில் காணப்படுகிற ஒன்று. அதனால் அவன் கண்ணைப் பார்க்கிறானா, ஒரு பொம்மையை நமக்குக் காட்டி மகிழ்கிறானா, பாவனை விளையாட்டு விளையாடுகிறானா என்றெல்லாம் பார்த்தார்கள். தண்ணீர் குடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று நான் சொன்னதைப் பயிற்சியாளர் தனியாகக் குறித்துக்கொண்டார். அவனுக்கு ஆட்டிசம் இல்லை, மொழித் தாமதம் என்று முடிவானது. ஆட்டிசம் என்று முடிவாகியிருந்தாலும் அடுத்த நாள் காலையில் செய்ய வேண்டிய வேலை இதே பேச்சுப் பயிற்சியிலிருந்துதான் தொடங்கியிருக்கும். பெயருக்குப் பயந்து மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான்காவது: வீடு

வாரத்துக்கு இரண்டு தடவை முக்கால் மணி நேரம் பயிற்சி. மீதி நேரமெல்லாம் பிள்ளை நம்மோடுதான் இருக்கிறது. அதனால் பயிற்சியாளர் செய்வதை உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற இடத்தில் நான் இருந்திருக்கிறேன், ஒன்றும் கற்கவில்லை. உள்ளே விட்ட இடத்தில் இரண்டே மாதத்தில் வீட்டுப் பேச்சே மாறிவிட்டது.

முதலில் நிறுத்த வேண்டியது "சொல்லு". "மாமா சொல்லு, அத்தை சொல்லு, யாரு இது சொல்லு" என்று விருந்தாளி முன்னால் பிள்ளையை நிறுத்திப் பரீட்சை வைக்காதீர்கள். கேள்வியைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது "தண்ணி ஊத்துறேன். தலையில ஊத்துறேன். ஐயோ, சூடு!" தோசை வார்க்கும்போது "மாவு ஊத்தியாச்சு. திருப்பியாச்சு. தோசை ரெடி." சின்ன வாக்கியம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. பிள்ளை ஒரு சொல் பேசினால் நாம் இரண்டு சொல்லாகத் திருப்பித் தர வேண்டும். அது "பூனை" என்றால் நாம் "ஆமா, பூனை ஓடுது". தப்பாகச் சொன்னால் திருத்தாமல் சரியான சொல்லை நாம் சொல்லிக் காட்டினால் போதும்.

அடுத்தது காத்திருப்பது. சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஒன்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் நமக்கு வாய் துறுதுறுக்கும், இல்லாவிட்டால் பாட்டி பதில் சொல்லிவிடுவார். மொழி தாமதமான பிள்ளைக்குக் கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாய்க்குக் கொண்டுவர அந்த நேரம் தேவை.

இதற்கு நம் ஊர் விளையாட்டைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாக ஊட்டிவிட்டு, "நண்டு ஊருது, நரி ஊருது" என்று முழங்கை தாண்டி அக்குள் வரை போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதுதான். பத்து நாள் அப்படியே விளையாடுங்கள். பதினோராம் நாள் முழங்கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். விரலை எடுக்காதீர்கள், பேசாதீர்கள், பிள்ளை முகத்தை மட்டும் பாருங்கள். என் மகன் முதலில் சிரித்தபடி தோளைக் குறுக்கினான். பிறகு என் விரலைப் பார்த்தான். பிறகு என் கண்ணைப் பார்த்தான். உடம்பெல்லாம் காத்திருந்தது. நான் ஏழு வரை எண்ணியிருப்பேன், "ஊ..." என்றான். உடனே நண்டு ஊர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் நண்டு ஊர்ந்துகொண்டேதான் இருந்தது.

பொருளைக் கைக்கு எட்டாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். முறுக்கை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கையில் கொடுங்கள், அவனால் திறக்க முடியாது, நம்மிடம் வந்தே ஆக வேண்டும். வந்ததும் "தொற" என்று ஒரு தடவை சொல்லித் திறந்து ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுத்து மூடுங்கள். தட்டு நிறையக் கொட்டிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டில் ஒன்றைக் காட்டி "வாழைப்பழமா, மாம்பழமா?" என்று கேளுங்கள். ஆனால் அழ வைத்துப் பேச வைக்காதீர்கள். சொல் வராவிட்டால் விரல் நீட்டினாலும் கொடுத்துவிடுங்கள். பேச முயன்றால் பலன் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பாட்டிலை என் மடியில் போட்டு "தொ" என்றான். நோட்டில் அந்தப் பக்கம் கசங்கியிருக்கிறது, அத்தனை தடவை புரட்டியிருக்கிறேன்.

போன் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. போனால்தான் பேச்சு வரவில்லை என்று எல்லாப் பிள்ளையையும் சொல்லிவிட முடியாது, அது பெற்றோரைக் குற்றவாளியாக்குகிற சுலபமான பதில். ஆனால் போன் பதிலுக்குக் காத்திருக்காது, நண்டு ஊர்ந்துவிட்டு முழங்கையில் நிற்காது. சோறு ஊட்டுகிற அரை மணி நேரத்தைப் போனிடமிருந்து மீட்டாலே நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று, வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். ஸ்கூலுக்கு வசதியாக இருக்கும் என்று இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது. பாட்டி, தாத்தா, தெருப் பிள்ளைகள் எந்த மொழியில் கொஞ்சுகிறார்களோ அதுதான் பிள்ளைக்கு வளமான மொழி. வார்த்தைகளை எண்ணும்போது 'பால்', 'பஸ்', 'ஆப்பிள்' எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.

எழுத்து வராவிட்டால், திக்கினால்

காக்கையைத் தாத்தா என்பது மூன்றரை, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். 'ர', 'ழ', 'ள' தாமதமாகத்தான் வரும், ஐந்து ஆறு வயது வரைகூட ஆகலாம். வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றாலோ, பிள்ளையே கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தாலோ காட்டிவிடுங்கள்.

திக்குதல் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், மொழி வேகமாக வளர்கிற காலத்தில் திடீரென்று தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகிக் கண்ணை மூடிக்கொண்டாலோ பயிற்சியாளரிடம் போங்கள். அதுவரை "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அது முடிக்கும்வரை கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

வசம்பு, தேன், திருச்செந்தூர்

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பார்கள். வசம்பில் நச்சுத்தன்மையுள்ள ஒரு பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கவே தடை. பேச்சை அது கொண்டுவராது, குழந்தைக்கு வாந்தியும் வலிப்பும் வந்த கதைகள் உண்டு. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருப்பதால் பேசவில்லை என்று வெட்டச் சொல்வார்கள். அந்த ஒட்டு பால் குடிப்பதைப் பாதிக்கலாம், சில எழுத்துகளைப் பாதிக்கலாம், ஆனால் பேச்சே வராமல் செய்யாது. பேச்சுப் பயிற்சியாளர் பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பேசாத பிள்ளையைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து முருகன் சந்நிதியில் பேசினார் என்ற வரலாறு இங்கே எல்லோருக்கும் தெரியும். நாங்களும் போனோம், கடலில் குளித்து, இலை விபூதி வாங்கி வாயில் வைத்தோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஐந்து வயது வரை பார்க்கலாம் என்று மட்டும் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயிலுக்குப் போகிற வாரமே காது பரிசோதனைக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

அடையாள அட்டையும் பள்ளியும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் காது கேளாமை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் வருகின்றன. நீண்ட காலம் உதவி தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னால் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மருத்துவக் குழு பார்த்துச் சான்று தரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகள் கிடைக்கும். தாமதம் மட்டும் என்றால் இப்போதைக்கு அது தேவைப்படாது.

பள்ளியில் சேர்க்கும்போது மறைக்காதீர்கள். நாங்கள் யுகேஜியில் மறைத்தோம், பிள்ளைதான் கஷ்டப்பட்டான். ஒன்றாம் வகுப்பில் அரைப் பக்கத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டேன்: முன் வரிசையில் உட்கார வையுங்கள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் அவனைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், கேள்வி கேட்டால் பத்து எண்ணுங்கள், மொழி தாமதமான பிள்ளைக்கு வாசிப்பிலும் சிரமம் வரலாம், வந்தால் உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்கள். டீச்சர் அந்தத் தாளைத் தன் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமை ஆசிரியரிடம் கேட்டால் எந்தக் கிழமை பயிற்சி என்று சொல்லிவிடுவார்.